இன்ஜின் அலறுகிறது, படகு நகரவில்லை: பழைய ஜெட் போட்டில் தள்ளுவிசை எங்கே தொலைகிறது?

கிணற்று மோட்டார் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரியும். சுவிட்சைப் போட்டால் சத்தம் வரும், தண்ணீர் வராது. அந்தச் சத்தமும் வழக்கத்தைவிட லேசாக, வெறுமையாக இருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா எழுந்து வராமலேயே சொல்லிவிடுவார், "ஏர் இழுக்குதுடா, போய் நிறுத்து" என்று. அவர் மோட்டாரைப் பிரித்துப் பார்க்கவில்லை. சுமை இல்லாமல் சுற்றுகிற மோட்டாரின் சத்தம் அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பழைய ஜெட் போட்டும் ஒரு பம்புசெட்தான். உவமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான். 1960, 70களில் கலிஃபோர்னியாவில் ஓடிய ஜெட் போட்களில் பெரும்பாலானவற்றில் இருந்தது பெர்க்லி பம்பு. அந்தக் கம்பெனி அதற்கு முன்பிருந்தே விவசாயப் பாசனத்துக்கு பம்பு செய்துகொண்டிருந்தது. அவர்களோடு போட்டி போட்டது ஜக்கூஸி. ஆமாம், குமிழி விடும் குளியல் தொட்டிக்குப் பெயர் கொடுத்த அதே ஜக்கூஸி குடும்பம், அவர்களும் கிணற்று பம்பு செய்தவர்கள்தான். ஆக, வயலுக்குத் தண்ணீர் இறைத்த ஆட்கள் அதே பம்பைப் படுக்கவைத்து, அதோடு ஒரு வி8 கார் இன்ஜினை மாட்டி, படகில் வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டால் பெரிய தப்பில்லை.

நான் கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோ பக்கம் குடிவந்த பிறகு வாங்கிய படகு என்னைவிட வயதில் மூத்தது. பெர்க்லி 12ஜேசி பம்பு, பெரிய ஃபோர்டு இன்ஜின், வெயிலில் வெளுத்துப்போன ஆரஞ்சு நிறம். ஒரு சனிக்கிழமை டெல்டா கால்வாயில் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று தள்ளு போய்விட்டது. இன்ஜின் கத்துகிறது, படகு ஊர்கிறது. அன்றைக்கு நான் செய்த தப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகப் பழைய ஜெட் போட் வாங்குகிற எல்லோரும் அதே தப்பைத்தான் செய்கிறார்கள்: பம்பை முழுதாகச் சோதிக்காமல் இன்ஜினில் கை வைத்தேன். கார்புரேட்டரைக் கழற்றினேன், பிளக் மாற்றினேன், இரண்டு வார இறுதிகள் போயின. இன்ஜின் இன்னும் அழகாகக் கத்தியது. படகு அப்படியேதான் ஊர்ந்தது.

முதலில் அந்தப் பம்பு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

படகின் அடியில், பின்பக்கமாக ஒரு வாய் இருக்கிறது, அதற்குக் கம்பி வலை போட்டிருக்கும். அந்த வாய் வழியாகத் தண்ணீர் மேலேறி இம்பெல்லருக்கு, அதாவது தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரத்துக்குப் போகிறது. இம்பெல்லர் இன்ஜினோடு ஒரு தண்டு வழியாக நேரடியாக இணைந்தது. கியர்பாக்ஸ், கிளட்ச் எதுவும் கிடையாது, இன்ஜின் சுற்றினால் இதுவும் சுற்றும். சுழன்றபடி வெளியேறும் தண்ணீர் அடுத்து ஒரு கிண்ணம் போன்ற கூட்டுக்குள் நுழைகிறது. உள்ளே அசையாத இறக்கைகள் உண்டு, அவை சுழற்சியை எடுத்துவிட்டுத் தண்ணீரை நேராக்குகின்றன. கடைசியில் குறுகலான நாசில். தோட்டத்து ஹோஸின் வாயைக் கட்டை விரலால் பாதி மூடினால் தண்ணீர் எப்படிச் சீறுகிறதோ அப்படி இங்கே அழுத்தம் வேகமாக மாறுகிறது. தண்ணீர் பின்னால் பாய்கிறது, படகு முன்னால் போகிறது.

எவ்வளவு தள்ளும் என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. ஒரு நொடிக்கு எத்தனை கிலோ தண்ணீர் வெளியே போகிறது. அது படகின் வேகத்தைவிட எவ்வளவு அதிக வேகத்தில் போகிறது. இரண்டையும் பெருக்கினால் உந்துவிசை. இதில் காற்றுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஒரு லிட்டர் காற்று ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். நாசில் வழியாகக் காற்று கலந்து போனால் சத்தமும் நுரையும் நிறைய வரும், தள்ளு வராது.

இந்த ஏற்பாட்டைச் சாத்தியமாக்கியவர் நியூசிலாந்தின் பில் ஹாமில்டன். தெற்குத் தீவில் ஆடு மேய்க்கும் பண்ணை வைத்திருந்தவர். அங்கே ஆறுகள் கூழாங்கல் மேல் முழங்கால் ஆழத்தில் பல கிளையாகப் பிரிந்து ஓடும், புரொப்பெல்லர் வைத்த படகு கல்லில் அடித்துக்கொள்ளும். 1950களில் அவர் செய்த படகுகள்தான் ஜெட் போட்டுக்கு உயிர் கொடுத்தன. நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு: 1977இல் எட்மண்ட் ஹிலாரி வங்காள விரிகுடாவிலிருந்து கங்கையில் எதிர்நீச்சல் போட்டு இமயமலைக்குள் நந்தப்பிரயாகை பக்கம் வரை போனது ஜெட் போட்களில்தான். சரி, கதை போதும், பழுதுக்கு வருவோம்.

ஆர்பிஎம் முள் சொல்வதைக் கேளுங்கள்

பழைய ஜெட் போட்டில் தள்ளு குறைந்தால் முதலில் தேட வேண்டிய கருவி ஸ்பானர் இல்லை, டேஷ்போர்டில் இருக்கும் ஆர்பிஎம் மீட்டர், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் எத்தனை ஆர்பிஎம் காட்டுகிறது? நன்றாக ஓடிய காலத்தில் எத்தனை காட்டியது? இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். புரொப்பெல்லர் படகில் ஆளேற்றினால், தண்ணீரில் சறுக்குபவரைக் கட்டி இழுத்தால், ஆர்பிஎம் இறங்கும். ஜெட் பம்பு அப்படி இல்லை. இம்பெல்லர் தன் கூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைத் தள்ளுகிறது. வெளியே படகில் இரண்டு பேர் இருக்கிறார்களா ஆறு பேரா என்பது அதற்கு அநேகமாகத் தெரியவே தெரியாது. அதனால் முழு ஆக்சிலரேட்டரில் வரும் ஆர்பிஎம் என்பது அந்த இன்ஜினும் அந்தப் பம்பும் சேர்ந்து போட்டுக்கொண்ட ஒப்பந்தம் மாதிரி. இரண்டில் ஒன்று மாறினால்தான் அந்த எண் மாறும்.

அந்த ஒப்பந்தம் ரொம்பக் கறாரானது. பம்பு கேட்கும் குதிரைத்திறன் ஆர்பிஎம்மின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. பத்து சதவீதம் வேகமாகச் சுற்ற மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். ஆகவே ஆர்பிஎம்மில் சின்ன மாற்றம் தெரிந்தாலே உள்ளே பெரிய மாற்றம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு கணக்கு: என் படகு 4,400இல் நிற்கும். இன்ஜின் கால் பங்கு சக்தியை இழந்தால் எவ்வளவு இறங்கும்? 4,000க்கு, அவ்வளவுதான். நானூறுதானே என்று விட்டுவிட்டால் இன்ஜினின் கால் பங்கை விட்டுவிட்டோம். எதிர்ப்பக்கமும் இதே கதை. பழுதான அந்தச் சனிக்கிழமை என் முள் 5,000ஐத் தொட்டது. நல்ல நிலையில் இருக்கும் பம்பை 5,000க்குச் சுற்ற 4,400இல் தேவைப்பட்டதைப் போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக என் இன்ஜினுக்கு அவ்வளவு பலம் வந்திருக்க வாய்ப்பில்லை. அப்படியானால் பம்பு தண்ணீரைப் பிடிக்கவில்லை. இதை அன்றே யோசித்திருந்தால் கார்புரேட்டர் தப்பித்திருக்கும்.

ஆக மூன்று வழி. தள்ளு குறைந்து ஆர்பிஎம் ஏறினால் பம்பு. தள்ளு குறைந்து ஆர்பிஎம்மும் இறங்கினால் இன்ஜின், அல்லது எதுவோ உரசுகிறது. ஆர்பிஎம் அப்படியே இருந்து படகு மட்டும் மெதுவானால் படகின் உடம்பையும் பின்னாலிருக்கும் ரிவர்ஸ் வாளியையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை, நாற்பது ஐம்பது வருஷப் பழைய மீட்டரே பொய் சொல்லலாம். சில மீட்டர்களின் பின்னால் 4, 6, 8 சிலிண்டர் என்று மாற்றும் குமிழ் ஒன்று இருக்கும், அது தவறான இடத்தில் இருந்தால் காட்டுவதெல்லாம் கற்பனை. பிளக் ஒயரில் சுற்றிப் பார்க்கும் மலிவான மீட்டர் ஒன்றை வைத்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்பிஎம் ஏறினால்

முதல் சந்தேகம் அடைப்பு. புதிதாக வந்தவர்களுக்கு இது குழப்பும்: அடைத்தால் இன்ஜின் திணறத்தானே வேண்டும், ஏன் வேகமாகச் சுற்றுகிறது? வலையில் களை அடைத்தால் இம்பெல்லருக்கு வரும் தண்ணீர் குறைகிறது, குறைந்த தண்ணீரைத் தள்ளக் குறைந்த சக்தி போதும், மிச்சச் சக்தியில் அது பாட்டுக்கு வேகமாகச் சுற்றுகிறது. வீட்டில் மிக்ஸியில் மாவு காலியானதும் சத்தம் ஏறுவது போல.

சேக்ரமென்டோ டெல்டாவில் இதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. நம்மூர் ஏரிகளை மூடிக்கொண்டிருக்கும் அதே ஆகாயத்தாமரை இங்கேயும் வந்து கால்வாய்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது தவிர பிளாஸ்டிக் பை, தூண்டில் நரம்பு, சறுக்குபவரை இழுக்கும் கயிறு. கயிறு உள்ளே போனால் தண்டில் இறுக்கிச் சுற்றிக்கொள்ளும், அப்போது ஆர்பிஎம் ஏறாமல் இன்ஜின் நின்றேபோகலாம்.

எடுப்பது எப்படி? இம்பெல்லருக்கு முன்னால், பம்பின் மேல்பக்கத்தில் ஒரு மூடி இருக்கும், கை நுழைகிற அளவு. அதைத் திறந்து உள்ளே கைவிட்டு வாரி எடுக்கலாம். அதற்கு முன் இன்ஜினை நிறுத்துங்கள், சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள், பேட்டரி சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். இங்கே நியூட்ரல் என்று ஒன்று கிடையாது என்பது நினைவிருக்கட்டும், ஸ்டார்ட்டர் ஒரு சுற்று சுற்றினாலும் இம்பெல்லர் சுற்றும், விரல் திரும்ப வராது. படகுக்கு அடியில் நீந்திப் போய் வலையைச் சுத்தம் செய்பவர்கள் உண்டு. இன்ஜின் ஓடும்போது அந்த வாய்க்குப் பக்கத்தில் நீளமான முடியோடோ தொளதொள சட்டையோடோ யாரும் போகக்கூடாது, இதில் விளையாட்டே வேண்டாம்.

தண்ணீர் ஆழமாக இருந்தால் மூடியைத் திறக்கும் முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியின் வாய் வெளித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா? பின்பக்கம் நான்கு பேர் நின்று அழுத்திக்கொண்டிருந்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் படகுக்குள் வரலாம். நண்பர்களை முன்னால் போய் உட்காரச் சொல்லுங்கள்.

அடுத்தது காற்று. தாத்தா சொன்ன அதே ஏர். ஊரில் சக்ஷன் (தண்ணீர் உறிஞ்சும்) பைப்பு ஜாயின்ட்டில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் மோட்டார் தண்ணீர் எடுக்காது. அதற்காகத்தான் சாணியைக் கரைத்து ஊற்றுவது, சணல் சுற்றுவது எல்லாம். ஜெட் பம்பிலும் இம்பெல்லருக்கு முன்னால் இருக்கும் பகுதி முழுக்க சக்ஷன் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் இது கண்ணில் படுவதில்லை. நின்ற நிலையிலிருந்து படகைக் கிளப்பும்போதுதான் பம்பு அதிகமாக உறிஞ்சும். அப்போது வழுக்கி, கொஞ்சம் வேகம் பிடித்ததும் சரியாகிவிட்டால் காற்றை முதலில் சந்தேகியுங்கள்.

காற்று நுழைய மூன்று வழக்கமான இடங்கள் உண்டு. ஒன்று, தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் கசிவைக் கட்டுப்படுத்தும் கிளாண்ட். பழைய பெர்க்லியில் இது கிளாண்ட் கயிறு சுற்றி நட்டால் இறுக்கும் பழைய முறைதான், ஊர் பம்புசெட்டில் பார்த்ததேதான். படகு தண்ணீரில் சும்மா நிற்கும்போது இங்கே சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும், அந்தச் சொட்டுதான் கயிறைக் குளிர்விக்கிறது. ஒரேயடியாக ஒழுகினால் தளர்ந்துவிட்டது, ஓடும்போது அதே வழியாகக் காற்று போகும். அதற்காக ஒரு சொட்டும் வராமல் இறுக்கிவிட்டால் கயிறு கருகித் தண்டையும் அரித்துவிடும். இரண்டு, பம்பின் வாய்ப்பகுதி படகின் அடித்தட்டோடு சேரும் இடத்துக் கேஸ்கட்டும் பூச்சும். வயதான ஃபைபர் கிளாஸ் படகில் இது உலர்ந்து விரிந்திருக்கும். மூன்று, மேலே சொன்ன அந்தக் கைத்துளை மூடியின் ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. படகு தண்ணீரில் நிற்கும்போது அடித்தளத்தைத் துடைத்துக் காயவைத்துவிட்டு, டார்ச் அடித்து எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். நிற்கும்போது தண்ணீர் வருகிற சக்ஷன் பக்க இடம்தான் ஓடும்போது காற்று போகும் இடம். ஆனால் மூடி தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருப்பதால் அது இந்தச் சோதனையில் தப்பித்துவிடும். அதற்குக் கெட்டியான கிரீஸை விளிம்பு முழுக்கத் தடவிவிட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். எங்கே கிரீஸ் உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறதோ அங்கே ஓட்டை.

என் படகில் அதுதான். கதையே இப்படி: முதல் நாள் அடைத்தது ஆகாயத்தாமரை. கால்வாயிலேயே மூடியைத் திறந்து ஒரு கூடை வேரும் தண்டுமாக வாரிப் போட்டேன், சந்தோஷமாக மூடினேன். மூடும்போது ஓ-ரிங் முறுக்கிக்கொண்டு பள்ளத்திலிருந்து ஒரு பக்கம் வெளியே வந்துவிட்டது, பார்க்கவில்லை. களை போய்விட்டது, காற்று வந்துவிட்டது, அறிகுறி இரண்டுக்கும் ஒன்றுதான். அடைப்பை எடுத்தும் சரியாகவில்லை என்றதும் பம்பு மேல் பழியில்லை என்று நானே முடிவுகட்டி இன்ஜினுக்குத் தாவினேன்.

காற்று வேறு மாதிரியும் வரலாம், பம்பில் குறையே இல்லாமல். யாராவது மீன் பார்க்கும் சோனார் கருவியின் உணரியைப் படகின் அடியில், வாய்க்கு நேர் முன்னால் மாட்டியிருந்தால் அது கிளப்பும் குமிழிகள் நேராக வாய்க்குள் போகும். அடித்தட்டில் வாய்க்கு முன்னால் உள்ள ஆழமான கீறலும் அப்படியே. பழைய படகு வாங்கும்போது முந்தைய உரிமையாளர் என்னென்ன "முன்னேற்றம்" செய்தார் என்று கேட்பது நல்லது.

மூன்றாவது தேய்மானம். இது ஒரே நாளில் வராது, இரண்டு மூன்று சீசனாக மெல்ல மெல்லத் தள்ளு குறைந்திருந்தால் இதுதான். இம்பெல்லரைச் சுற்றி ஒரு வளையம் உண்டு, தேய்வதற்கென்றே வைத்தது. இம்பெல்லருக்கும் அதற்கும் இடையே புதிதில் சுமார் கால் மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும், சில பம்புகளில் கொஞ்சம் கூட. ஆற்றங்கரையில் ஆழமில்லாத இடத்தில் முறுக்கிக் கிளப்பினால் மணலை அள்ளி உள்ளே விடுகிறோம், மணல் உப்புத்தாள் வேலையைச் செய்கிறது. இடைவெளி கூடக் கூட, அழுத்தம் ஏறிய தண்ணீர் நாசிலுக்குப் போகாமல் அந்த இடுக்கு வழியாகத் திரும்ப சக்ஷன் பக்கமே வந்துவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதுதான் இது. இடைவெளி ஒரு மில்லிமீட்டரை எட்டிவிட்டால் யோசிக்காமல் வளையத்தை மாற்றுங்கள். சரியான அளவு பம்பின் கையேட்டில் இருக்கும், அதை நம்புங்கள், என் எண்ணை இல்லை. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளக்க வேண்டும், ஒரே இடத்தில் இல்லை, சுற்றி நான்கு இடத்தில். ஒரு பக்கம் மட்டும் அகலமாக இருந்தால் வளையத்தை மாற்றிப் பிரயோஜனமில்லை, பேரிங் போய்த் தண்டு சாய்ந்திருக்கிறது.

தண்ணீர் ஸ்கூட்டர் வகையறாக்களிலும், அவற்றின் பம்பையே வைத்து 90களில் வந்த சின்ன ஜெட் போட்களிலும் இந்த வளையம் பல மாடல்களில் பிளாஸ்டிக்காகவே இருக்கும். ஒரு கல் போனாலே கோடு விழும், ஆனால் மாற்றுவது சுலபம்.

வளையத்தோடு இம்பெல்லரின் முன் விளிம்பையும் பாருங்கள். கத்தி மாதிரி இருக்க வேண்டியது, கல் பட்டு மழுங்கிப் பல் பல்லாக இருந்தால் தண்ணீரை வெட்டாமல் அடிக்கும். பழைய அலுமினிய இம்பெல்லர்களில் இது சாதாரணம். லேசான சேதத்தை அரத்தால் ராவிச் சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள். எல்லா இறக்கையும் ஒரே மாதிரி வர வேண்டும், இல்லையென்றால் அதிரும்.

இங்கே கேவிட்டேஷன் என்ற சொல்லையும் பேசிவிட வேண்டும், ஏனென்றால் பம்பு வழுக்கினாலே எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். வெளியிலிருந்து காற்று புகுந்து வழுக்குவது வேறு. கேவிட்டேஷன் என்பது தண்ணீர் அங்கேயே கொதிப்பது, சூடாகாமலேயே. 25 டிகிரித் தண்ணீர் சாதாரணக் காற்றழுத்தத்தில் கொதிக்காது, ஆனால் அழுத்தத்தை அதில் முப்பதில் ஒரு பங்குக்கு இறக்கினால் கொதித்துவிடும். இம்பெல்லர் இறக்கையின் பின்பக்கம் சில இடங்களில் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கலாம், வலை பாதி அடைத்திருந்தாலோ விளிம்பு மழுங்கியிருந்தாலோ நிச்சயம் இறங்கும். ஆவிக் குமிழிகள் உருவாகி, அழுத்தம் அதிகமான இடத்துக்கு வந்ததும் நொறுங்குகின்றன. ஒவ்வொரு குமிழியும் சின்னச் சுத்தியல் அடி. பம்புக்குள் ஜல்லி ஓடுகிற சத்தம் கேட்கும், இம்பெல்லரைக் கழற்றினால் பூச்சி அரித்த மரம் மாதிரி குழி குழியாக இருக்கும். காற்று மட்டும் இழுத்த பம்பில் அந்தக் குழிகள் இருக்காது.

இன்ஜின் முழு வேகத்தில் பறக்கிறது, ஆனால் துளிக்கூடத் தள்ளு இல்லை, பின்னால் தண்ணீரே வரவில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் இல்லை. இம்பெல்லரைத் தண்டோடு பூட்டும் கீ என்ற சின்ன உலோகத் துண்டு அறுந்திருக்கும், அல்லது இன்ஜினுக்கும் பம்புக்கும் இடையிலுள்ள இணைப்புத் தண்டு விட்டுப்போயிருக்கும். இரண்டாவதை இன்ஜின் மூடியைத் திறந்தாலே பார்த்துவிடலாம்.

ஒரு துணைத் தடயமும் உண்டு. இந்தப் பழைய படகுகளில் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரே பம்பின் அழுத்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. தள்ளு போனதோடு வெப்பநிலை முள்ளும் ஏறினால் பம்பு மேல் சந்தேகம் இரட்டிப்பாகிறது. அப்படியே ஓட்டி வீடு போய்ச் சேரலாம் என்று நினைக்காதீர்கள், பம்பைக் காப்பாற்றப்போய் இன்ஜினை விட்டுவிடுவீர்கள்.

ஆர்பிஎம் இறங்கினால்

இது கார் மெக்கானிக் வேலை, அதனால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஒருவரை ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தச் சொல்லிவிட்டு, இன்ஜின் நின்ற நிலையிலேயே, கார்புரேட்டரின் தகடு முழுதாகத் திறக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். கேபிள் நீண்டுபோய் முக்கால்வாசிதான் திறக்கிற படகுகள் ஏராளம். அப்புறம் பழைய பெட்ரோல், ஃபில்டர், ஒரு சிலிண்டர் எரியாமல் இருப்பது, இக்னிஷன் டைமிங். இவை எல்லாம் சரியாக இருந்தால், இன்ஜினை நிறுத்திவிட்டுத் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள்; இன்ஜினும் சேர்ந்து சுற்றுவதால் கடினமாகத்தான் இருக்கும், பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இலகுவாகும். உரசும் சத்தம் வந்தால் பம்பின் பேரிங் போய் இம்பெல்லர் நகர்ந்து வளையத்தைத் தொடுகிறது.

முந்தைய ஆள் இம்பெல்லரை மாற்றிப் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. பெர்க்லியில் ஏ, பி, சி என்று வெவ்வேறு வெட்டு அளவுகள் இருக்கின்றன. பெரியதைப் போட்டால் அதே இன்ஜின் குறைந்த ஆர்பிஎம்மில் நிற்கும், அது பழுதே இல்லை.

ஆர்பிஎம் மாறவில்லை என்றால்

இதுதான் எனக்குப் பிடித்த வகை, காரணம் பெரும்பாலும் கண்ணெதிரே இருக்கும், யாரும் பார்க்கமாட்டார்கள். ஜெட் போட்டில் ரிவர்ஸ் என்பது நாசிலுக்குப் பின்னால் இறங்கும் ஒரு வாளி. தண்ணீரை மறித்து முன்பக்கமாகத் திருப்பிவிடும். கேபிள் தளர்ந்தால் வாளி முழுதாக மேலே ஏறாமல் விளிம்பு மட்டும் நீர்த்தாரையில் தொங்கும். பம்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, வெளியே வந்த தண்ணீரில் ஒரு பகுதியை நாமே தடுத்துக்கொண்டிருக்கிறோம். டிரெய்லரில் நிற்கும்போது லீவரை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள், ஒரு நிமிஷ வேலை. நாசில் முனையில் செருகியிருக்கும் வளையம் இருக்கிறதா, கழன்று விழுந்துவிட்டதா என்பதையும் அதே மூச்சில் பார்த்துவிடலாம்.

வாளி சரி என்றால் படகின் எடை. 70களின் படகுகளில் தரைக்கு அடியில் மிதப்பதற்காக நுரை நிரப்பியிருப்பார்கள். மேலே தரையில் விரிசல் விட்டால் மழைத் தண்ணீர் அதில் இறங்கும், வருஷக்கணக்காக ஊறும், வெளியே வராது. பஞ்சு மாதிரிக் குடித்துவிட்டு நூற்றுக்கணக்கான கிலோ கூடியிருக்கும். பம்புக்குப் படகின் எடை தெரியாது என்று முன்னால் சொன்னேன் இல்லையா, அதனால் ஆர்பிஎம் அப்படியே இருக்கும், தள்ளும் அப்படியே இருக்கும், போதாமல் மட்டும் போகும். லாரி எடைமேடையில் டிரெய்லரோடு நிறுத்திப் பார்ப்பது ஒரு வழி.

கடைசியாக, பழுதே இல்லாத ஒரு பழுது. ஓ-ரிங் மாற்றியபின் படகு பழையபடி 4,400க்கு வந்து நின்றது, அந்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி மீட்டருக்குக் கீழே ஒட்டினேன். அடுத்த மாதம் தாஹோ ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். இறக்கியதும் படகு சோம்பலாக இருந்தது, முள் 4,100ஐத் தாண்டவில்லை. வயிற்றில் புளியைக் கரைத்தது. பிறகுதான் உறைத்தது, அந்த ஏரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் மூன்று சதவீதச் சக்தியை இழக்கும், ஆறாயிரத்துச் சொச்சம் அடிக்கு ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, மும்மடிக் கணக்கில் அது ஆர்பிஎம்மில் ஆறேழு சதவீதம். 4,100தான் வர வேண்டும், 4,100தான் வந்தது. டேப்பில் 4,400க்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன்: தாஹோ, 4,100.